துபாயும் சிங்கப்பூரும் மதுரைக்கு ஒரே தூரம்தான்

எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு மகன் துபாயில், இன்னொருவன் சிங்கப்பூரில். "துபாய்க்காரன் பக்கத்துல இருக்கான், இவன்தான் ரொம்பத் தூரம்" என்பார். டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மதியம் 12 மணிக்கு மதுரையில் ஏறினால் துபாயில் ஏறக்குறைய 2.30க்கு இறங்கலாம், சிங்கப்பூரில் 6.30 ஆகிவிடும். ஆனால் இரண்டுமே இங்கிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர், இரண்டுக்கும் நாலு மணி நேரம் சொச்சம்தான் பறக்க வேண்டும். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள், அதை நேராகக் கழிப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

அடுத்தது, தூரத்தை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து "மூணேகால் மணி நேரத்துல போயிரலாம்" என்று கணக்குப் போடுவது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் டிக்கெட் நேரத்துக்குள் வரும். காற்று வேறு இருக்கிறது, உயரத்தில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் அமெரிக்காவுக்குப் போகும்போது ஆகிற நேரம் திரும்பி வரும்போது ஆகாது. வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவதும் வேண்டாம். பூமி உருண்டை என்பதால் டெல்லியிலிருந்து நியூயார்க் போக வடக்கே வளைந்து போவதுதான் குறுக்கு வழி. அதுவும் வான்வெளி திறந்திருந்தால்தான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை சுற்றிப் போக வேண்டியதாயிற்று, ஊருக்கு ஊர் நேர்த் தூரம் என்னவோ அதேதான்.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். தேதியில் கோட்டை விட்டால்தான் கதை முடிந்தது. எங்கள் சித்தப்பாவுக்குச் சென்னையிலிருந்து விமானம், டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தது. மனுஷன் 15ஆம் தேதி காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி, தாம்பரத்தில் மாறி, முறுக்கு டின்னும் இட்லிப்பொடியுமாகத் திரிசூலத்தில் இறங்கி, எதிரே விமான நிலையத்துக்குள் போனால் விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது! 15ஆம் தேதி 00:40 என்றால் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்குள் அங்கே இருக்க வேண்டும், அதாவது 14 காலை வைகை.

அப்புறம், மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாடு தனி டிக்கெட் என்று மலிவாகக் கிடைத்ததும் எடுப்பவர்கள், நடுவே இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்கிறார்கள். பெட்டியை வாங்க வேண்டும், டெர்மினல் மாற வேண்டும், மறுபடி செக்-இன், குடியேற்ற வரிசை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார், பெரும்பாலும் பணமும் திரும்பாது. குறைந்தது ஆறு மணி நேரமாவது விடுங்கள்.