பியானோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாரிடோனுக்குச் சில யோசனைகள்

ஜெர்மனியில் ஓபரா (இசைநாடக) அரங்குகள் நடத்தும் குரல் தேர்வுகளுக்குப் பியானோ வாசிப்பது என் தொழில். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலைக்குள் இருபது பேருக்காவது வாசித்துவிடுவேன். பாடியவர்களுக்கு என் முகம் நினைவிருக்காது. எனக்கோ அவர்கள் கொண்டுவந்த தாள்கள் மறப்பதில்லை. அதனால் பாரிடோனாக, அதாவது நடுத்தர ஆண் குரலில் பாடுகிற உங்களுக்கும் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

இசைத்தாளை இருபுறமும் நகலெடுத்து வளையக் கோப்பில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். விளக்கு பட்டால் எனக்கு வெள்ளை மட்டுமே தெரியும். நகலெடுக்கும்போது கீழ்வரி வெட்டுப்படக் கூடாது, என் இடது கை வாழ்வது அங்கேதான். பாடாமல் தாண்டிப் போகும் பகுதிகளைப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு விடாமல் தெளிவாக அடித்துக் காட்டுங்கள். ஒருவர் தனித்தனித் தாள்களாகக் கொண்டுவந்தார். யாரோ கதவைத் திறக்க, மூன்றாம் பக்கம் பறந்து பியானோவுக்கு அடியில் போய்விட்டது. மனப்பாடமாக வாசித்து முடித்தேன். அவருக்கு வேலை கிடைக்கவில்லை; ஆனால் அது காற்றின் குற்றமல்ல.

பாட்டுத் தேர்வுக்கு வருகிறேன். ஐந்து ஆரியாக்கள் (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டுகள்), மூன்று மொழிகளாவது. மொசார்ட் ஒன்று, ஜெர்மன் ஒன்று கட்டாயம். முதல் பாட்டு உங்கள் விருப்பம், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். ‘ஃபிகரோவின் திருமணம்’ ஓபராவில் வரும் கவுண்ட் என்ற பிரபுவின் ஆரியா நல்ல தேர்வு. கோபம், ஆணவம், ஓடும் சுரங்கள், கடைசியில் உச்சத்தில் ஓர் எஃப் ஷார்ப் என்று நான்கைந்து நிமிடங்களில் உங்களைப் பற்றிய எல்லாமே தெரிந்துவிடும். ஜெர்மனுக்கு வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் வோல்ஃப்ராம் பாடும் மாலை நட்சத்திரப் பாட்டு. மெதுவானது, சத்தமில்லாதது, அதனாலேயே மூச்சுப் பிழை மறையாது.

ரொசினியின் ‘செவில் நகர நாவிதன்’ ஓபராவின் புகழ்பெற்ற அறிமுகப் பாட்டைக் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தலையசைத்து வேகம் காட்டுவதற்கு முன், கடைசிப் பக்கத்தில் சொற்கள் சிதறி ஓடும் இடத்தை மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். அந்த வேகம்தான் முதல் வரிக்கும் வேகம். தொடக்கத்தில் பாய்ந்தவர்கள் அந்தப் பக்கத்தில் நாக்குத் தடுமாறி என்னைப் பார்ப்பார்கள், நான்தான் விரட்டினேன் என்பது போல!

வெர்டியின் ‘ரிகொலெட்டோ’வை இருபத்து நான்கு வயதில் கொண்டுவராதீர்கள். பாடவே முடியாது என்றில்லை. தேர்வுக்குழு கேட்பது அடுத்த இருபது ஆண்டுகளை. நடு ‘சி’க்கு மேலே வரும் ‘இ’ சுரத்தின் அருகே பாரிடோன் குரல் வேறு அறைக்குள் நுழைகிறது. அந்த வாசலைத் தள்ளித் திறந்தவர்களின் குரல் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கியதைக் கேட்டிருக்கிறேன். ஆடும் குரலை நேராக்குவது ஆடும் மேசையை நேராக்குவது போல அல்ல. புகழ்பெற்ற ஜெர்மன் பாரிடோன் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் 1948இல் பெர்லினில் வெர்டியின் ‘டான் கார்லோஸ்’ ஓபராவில் போசாவாக மேடையேறியபோது அவருக்கு 23 வயதுதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவரே மறுபடி பிறந்து வந்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒலிவாங்கி கிடையாது என்பதால் கத்திப் பாட வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. இசைக்குழுவின் ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு திரட்சி உண்டாகிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறீர்கள். பயிற்சியறையில் காதுக்குச் சற்றுக் கூர்மையாகக் கேட்கும் குரல் அரங்கில் அழகாக இருக்கும்.

வேலை கிடைத்துவிட்டால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஜெர்மன் அரங்கில் நிரந்தரக் குழுவில் சேர்ந்தால் ஒப்பந்தம் பருவம் பருவமாகத் தானே நீளும். நீட்டிக்கப் போவதில்லை என்றால் அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். அந்த மாதத்தில் ஒத்திகை அறைகளில் யாரும் அதிகம் சிரிப்பதில்லை. ஒரே அரங்கில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் உங்களை வெளியே அனுப்புவது மிகக் கடினம். ஆகவே அந்த எல்லை நெருங்கும்போது வேலை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: இன்றிரவே பாடக்கூடிய பாத்திரங்களின் பட்டியலை, கடைசியாக எப்போது பாடினீர்கள் என்ற தேதியுடன் வைத்திருங்கள். எங்கோ ஓர் அரங்கில், மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவின் பாப்பகேனோவுக்குக் காலையில் தொண்டை அடைத்துக்கொள்ளும். முகவர் பதினொரு மணிக்கு அழைப்பார். அந்தத் தயாரிப்பின் நடிப்பு அசைவுகள் தெரியாவிட்டால் மேடை ஓரத்தில் தாளை வைத்துப் பாடுவீர்கள், உதவி இயக்குநர் வாயசைத்து நடிப்பார். பலருடைய பெயர் இப்படித்தான் வெளியே தெரிந்தது.

கச்சேரி மேடையின் சிக்கல் வேறு: உட்கார்ந்திருத்தல். பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ ஏழு பகுதிகள் கொண்டது, பாரிடோனுக்கு வேலை மூன்றிலும் ஆறிலும்தான். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் பாடகர் குழுவின் முன்னால் சிலைபோல் இருந்துவிட்டு, எழுந்தவுடனே பாட வேண்டும். இரண்டாம் பகுதி முழுவதும் வாயை மூடியபடி மூச்சை மட்டும் ஆழமாக்குங்கள். ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’ இதற்கு நேர்மாறு. ஓரிடத்தில் உங்கள் ஆண் குரலிலிருந்து பொய்க்குரலுக்குத் தாவித் தாவி மேலேற வேண்டும். நம் பக்கத்தில் கள்ளத்தொண்டை என்று திட்டுவார்களே, அதற்கு இங்கே தனிச் சம்பளம். ஒத்திகைகளில் அதை முழுக் குரலில் நாள்தோறும் பாடிக் காட்டாதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த இடம்: இருவர் மட்டும் இருக்கும் மேடை. ஷூபெர்ட் 1827இல் வில்ஹெல்ம் மூல்லரின் கவிதைகளுக்கு இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’, 24 பாடல்கள், எழுபது நிமிடத்துக்கும் மேல், இடையில் கைத்தட்டல் இல்லை. ஃபிஷர்-டீஸ்காவ் இதை முதலில் பொதுமேடையில் பாடியது 1943இல், பெர்லினின் செலன்டார்ஃபில், பதினேழு வயதில். நடுவில் குண்டுவீச்சு வந்தது. எல்லோரும் நிலவறைக்குப் போய், திரும்பிவந்து மீதியைக் கேட்டார்கள். 

மூலச் சுருதி உயரமானது. பதிப்பகங்கள் உயர், நடு, தாழ் குரல்களுக்குத் தனித்தனித் தொகுதிகள் போட்டிருக்கின்றன. எதை எடுப்பது என்று பியானோ வாசிப்பவரிடமும் கேளுங்கள். மிகவும் தாழ்த்தினால் என் இடது கை சேற்றில் இறங்கிவிடும். பாட்டை மனப்பாடம் செய்வதற்கு முன், இருபத்து நான்கு கவிதைகளையும் இசையில்லாமல் உரக்கப் படியுங்கள். நான் தாளை மூடிவைத்துக் கேட்பேன். எந்த வரியில் கவனம் சிதறுகிறதோ, அந்த வரியை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

கடைசிப் பாடலில் தெருவோரக் கிழவன் ஒருவன் உறைந்த விரல்களால் ஓர் இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றுகிறான். என் இடது கை தம்புராவைப் போலச் ச-ப இரண்டையும் விடாமல் பிடித்திருக்கும். அழகு எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் சொற்கள் முடிந்த பிறகும் எனக்குச் சில தாளச் சுற்றுகள் பாக்கியிருக்கும். அதுவரை தலைகுனியவோ, என்னைத் திரும்பிப் பார்க்கவோ வேண்டாம். நான் கையை எடுக்கும்வரை அப்படியே நில்லுங்கள்.