ரீசெட் துளையில் ஊசியைச் செருகும் முன்

போன வாரம் இரவு பத்து மணிக்குத் தம்பி மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் குண்டூசி. "பெரியப்பா, லேப்டாப்ல நெட் சுத்தமா வரல. ரவுட்டர்ல ரீசெட் அடிச்சிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், மிரண்டே போய்விட்டாள். பல வருடங்களுக்கு முன்னால் அதே மாதிரி ஊசியோடு அதே மாதிரி துளைக்கு எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஒயர் கழன்றிருப்பது, வைஃபை கடவுச்சொல்லைத் தப்பாக அடிப்பது, மாதக் கட்டணம் கட்டாமல் விடுவது இதெல்லாம் இங்கே இல்லை. அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஓரளவு விவரம் தெரிந்து கை வைப்பவர்கள் செய்கிற தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன். அத்தனையும் நான் செய்தவை.

## "நெட் வரல" என்று மொத்தமாக முடிவு கட்டுவது

வீட்டு இணைப்பில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. உங்கள் கருவியிலிருந்து ரவுட்டர் வரைக்கும் ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளியே போவது இன்னொன்று. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக, அதாவது எண்ணாக, மாற்றித் தரும் டிஎன்எஸ் மூன்றாவது. இதில் எது அறுந்தாலும் பக்கம் திறக்காது. திரையைப் பார்த்து எது அறுந்தது என்று சொல்ல முடியாது.

ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் சின்னக் கட்டளைதான் பிங். மூன்று பிங் போட்டால் எந்தக் கட்டம் என்று பிரிந்துவிடும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அடுத்து கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதல் பிங்குக்கே பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டாவதில் நின்றால் ரவுட்டரின் அமைப்பிலோ அதற்கு அப்பால் லைனிலோ. எண்களுக்கெல்லாம் பதில் வந்து, பெயர் மட்டும் முகவரியாக மாறவே இல்லையென்றால் டிஎன்எஸ்.

பிங் போடாமலே தெரிகிற ஓர் அறிகுறியும் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதிவிறக்கம் நிற்காமல் ஓடுகிறது, புதுப் பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் டிஎன்எஸ் மீதுதான் என் சந்தேகம் போகும். பெயரைக் கேட்பது இணைப்பின் தொடக்கத்தில் மட்டும்தான். முகவரி கையில் கிடைத்த பிறகு அந்த இணைப்புக்கு டிஎன்எஸ் தேவையில்லை.

## ரீசெட்டை ரீஸ்டார்ட் என்று நினைப்பது

ரீஸ்டார்ட் என்றால் அணைத்துப் போடுவது. அமைப்புகள் அப்படியே இருக்கும். அந்தச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது ரீசெட். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு ரவுட்டர் திரும்பிவிடும். உள்ளே எழுதி வைத்திருந்த எல்லாமே அழிந்துவிடும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இணைய மன்றங்களிலும் அக்கம்பக்கத்திலும் "ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நான் அழுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. லேப்டாப்பில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், பலனில்லை. ஊசியை எடுத்தேன். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன, இன்டர்நெட் விளக்கைத் தவிர. என் இணைப்பு பிபிபிஓஇ வகை. அதாவது ரவுட்டர் தனக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத்தான் நிறுவனத்தின் வலைக்குள் நுழைய முடியும். அவை இரண்டும் ரவுட்டருக்குள் மட்டுமே இருந்தன. நிறுவிய அன்று இணைப்பு கொடுக்க வந்த பையன் ஏதோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தாளைத் தேடி அலமாரியைப் புரட்டிப் போட்டதுதான் மிச்சம். பயனர் பெயர் கிடைத்திருந்தாலும் பயனில்லை. நிறுவனம் தன் வலையில் இணைப்புகளைப் பிரித்தறியத் தரும் விலான் எண் ஒன்றையும் உள்ளே இட வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். கடவுச்சொல்லைப் போனில் சொல்ல முடியாது, திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள். மூன்று நாள் வீட்டில் யாருக்கும் இணைப்பு இல்லை. மனைவிக்கு அந்த வார இறுதியில் அனுப்பியே ஆக வேண்டிய அலுவலக வேலை இருந்தது. அவள் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முடித்துவிட்டு வந்தாள். வைஃபை பெயர் மாறிவிட்டதால் டிவி, பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றையும் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. கேமராவை வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் திறந்து வைத்திருந்த வழியும் (போர்ட் ஃபார்வர்டிங்) போயே போச்சு.

இதில் எதுவும் என்னை அவ்வளவாகச் சுடவில்லை. திங்கட்கிழமை அவர் வந்து எல்லாவற்றையும் போட்டு, தன் போனில் இணைப்பு வருகிறது என்று காட்டினார். என் லேப்டாப்பில் அப்போதும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை! வைஃபை அமைப்புக்குள் போய்ப் பார்த்தார். டிஎன்எஸ் முகவரி என்ற இடத்தில் 192.168.0.1 என்று கையால் அடித்து வைக்கப்பட்டிருந்தது. அது பழைய ரவுட்டரின் முகவரி. புதிய ரவுட்டரோ 192.168.1.1. நான் ஊசியை எடுத்த அன்று ரவுட்டர் மாறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் லேப்டாப்பை நான் திறக்கவே இல்லை. என்றோ ஒரு நாள் எதையோ சரிசெய்யப் போய் நானே அடித்து வைத்த எண் அது. அந்தப் பெட்டியைத் தானியங்கிக்கு மாற்றியதும் எல்லாம் திறந்தது. முழுசாக அரை நிமிஷம்.

வெள்ளிக்கிழமை இரவு லைனும் நன்றாக இருந்தது, ரவுட்டரும் நன்றாக இருந்தது. மனைவியின் போனை வாங்கி ஒரு பக்கம் திறந்து பார்த்திருந்தால் அது அப்போதே தெரிந்திருக்கும். 8.8.8.8-க்கு ஒரு பிங் போட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். வேலை செய்த ஒன்றை என் கையாலேயே அழித்தேன்.

ஆகவே ஊசியை எடுக்கும் முன் இரண்டாவது கருவியில் பாருங்கள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கான விவரங்கள் இருக்கும், வான் (WAN) அமைப்பு என்று வரும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதை நிறுவனத்திடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. அந்தக் கோப்பு பொதுவாக அதே மாடலுக்குத்தான் பொருந்தும், இருந்தாலும் எடுத்து வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் மறந்துவிட்டது அல்லது ரவுட்டரை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் ரீசெட் சரி. பக்கம் திறக்காததற்கு அது முதல் மருந்து அல்ல.

ரீஸ்டார்ட்டிலும் ஒரு பொறுமை வேண்டும். பிபிபிஓஇ இணைப்பில் ரவுட்டர் திடீரென்று அணைந்தால், பழைய அமர்வு முடிந்ததை நிறுவனத்தின் பக்கம் சில நிமிடங்கள் உணராமலே இருக்கலாம். அதற்குள் மறுபடி மறுபடி அணைத்துப் போட்டால் உள்ளே விட மறுப்பதும் உண்டு. அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, ஒரே ஒரு முறை போடுங்கள்.

## இரண்டாவது டிஎன்எஸ்ஸை உதிரிச் சக்கரம் என்று நம்புவது

அமைப்பில் டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு முகவரி போட இடம் இருக்கும். முதலாவது செத்தால்தான் கருவி இரண்டாவதைக் கேட்கும் என்று நினைக்கிறோம். எல்லாக் கருவியும் அப்படி நடப்பதில்லை. சில இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும். சில, கடைசியாகப் பதில் சொன்னதையே பிடித்துக்கொள்ளும். குழந்தைகளுக்காக வடிகட்டும் டிஎன்எஸ் ஒன்றை முதலாவதாகவும் 8.8.8.8-ஐ இரண்டாவதாகவும் போட்டால், தடுத்த தளம் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. வடிகட்டுவதென்றால் இரண்டு இடத்திலும் வடிகட்டும் முகவரியையே போடுங்கள். ஐபி முகவரியில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. ஐபிவி6 வழியாக ரவுட்டர் வேறொரு டிஎன்எஸ் முகவரியைத் தருகிறதா என்றும் பாருங்கள். ஐபிவி4-இல் மாற்றிவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

## என்எஸ்லுக்கப் சொல்வதே முடிவு என்பது

1983-இல் பால் மோக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைக்கும் வரை, வலையில் இருந்த கணினிகளின் பெயர்ப் பட்டியல் ஒரே ஒரு கோப்பாகத்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். அதன் வாரிசுதான் இன்றைக்கும் உங்கள் கணினியில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. என்றோ அதில் எழுதிய ஒரு வரி, வழக்கமாக டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடும்.

ஒரு பெயருக்கு என்ன முகவரி என்று கேட்டுப் பார்க்கும் கட்டளைதான் என்எஸ்லுக்கப். அது அந்தக் கோப்பைப் பார்க்காது. கணினி முன்பே கேட்டு நினைவில் வைத்திருக்கும் பதில்களை, அதாவது கேஷையும் பார்க்காது. நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். அதனால் என்எஸ்லுக்கப்பில் சரியான முகவரி வந்தும் உலாவியில் பக்கம் திறக்காமல் இருக்கலாம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் வேறொரு முகவரி போட்டிருந்தால் உலாவி கேட்கும் இடமே வேறு. கணினியில் எத்தனை முறை மாற்றினாலும் உலாவிக்குத் தெரியாது.

## கேஷைக் காலி செய்துவிட்டேன், இன்னும் பழசே வருகிறது

ஒரு கேஷைத்தான் காலி செய்தீர்கள். உலாவி, கணினி, ரவுட்டர், நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் என்று வழி நெடுக நினைவில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதை, பதிலோடு வரும் டிடிஎல் என்ற எண் விநாடிக் கணக்கில் சொல்லும்: 3600 என்றால் ஒரு மணி நேரம். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலும் இப்படி நினைவில் நிற்கும். புதுப் பெயர் ஒன்றைப் பதிவு செய்கிறீர்கள் என்றால், அது அமைக்கப்படும் முன்பே வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

## கடிகாரத்தைப் பார்க்காமல் விடுவது

கணினியின் தேதி தப்பாக இருந்தால், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று உலாவி பிழை காட்டும். அது டிஎன்எஸ் கோளாறு அல்ல.

## 169.254 என்று தொடங்கும் முகவரியோடு டிஎன்எஸ்ஸை நோண்டுவது

அது கணினி தானே போட்டுக்கொண்ட முகவரி. ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை. அங்கே போய்ப் பாருங்கள்.

## ஒரே மூச்சில் நாலு மாற்றம்

சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. ஒன்றை மாற்று, எழுதி வை, பலனில்லையென்றால் பழையபடி வை.

தம்பி மகளிடம் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேன். என்னை அழைப்பதற்காகப் போனில் வைஃபையை அணைத்து வைத்திருந்தாள். வைஃபையைப் போட்டு மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னேன். படம் இரண்டு விநாடி உறைந்தது, மறுபடி அவள் முகம் வந்தது. "இப்ப நாம பேசுறதே உன் ரவுட்டர் வழியாத்தாம்மா" என்றேன். லேப்டாப் உலாவியில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற இடத்தில், கல்லூரி விடுதியில் யாரோ போட்டுக் கொடுத்த முகவரி இருந்தது. அதை நீக்கினாள், திறந்தது. பிறகு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைக் காட்டினாள். இடையில் ஒருமுறைகூட அணையாமல் அது 41 நாளாக ஓடிக்கொண்டிருந்தது.