ஆசனவாய்ப் புண்ணுக்கு ஐசிடி கோட் கண்டுபிடிப்பது எப்படி?

நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் 'மூலம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டாக்டர் எழுதிய நோயை ஐசிடி (சர்வதேச நோய் வகைப்பாடு) கோடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் மறக்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து நாம் பார்க்கும் அமெரிக்க சார்ட்டுகளில் (நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளில்) மூலம் கே64, வெடிப்பும் பவுத்திரமும் கே60, புண் கே62.6. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது.

ஒரு கற்பனை சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 70 வயதுப் பெரியவர், நாள்பட்ட மலச்சிக்கல். பரிசோதித்த டாக்டர் நோயறிதலாக 'ஸ்டெர்கோரல் அல்சர், ஏனஸ்' (ஏனஸ் என்றால் ஆசனவாய்) என்று எழுதியிருக்கிறார். இறுகிய மலம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்து உண்டாக்கும் புண் இது.

முதலில் இன்டெக்ஸ், அதாவது கோட் புத்தகத்தில் நோய்ப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல். 'ஏனஸ்' என்று தேடினால் நேரம்தான் வீணாகும். உறுப்பை விட்டுவிட்டு நோயைத் தேடுங்கள்: 'அல்சர்', அதற்குக் கீழே 'ஏனஸ்'. கே62.6 கிடைக்கும்.

சரி, கிடைத்துவிட்டது என்று சார்ட்டை மூடிவிடாதீர்கள். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. கோடுகள் எண் வரிசையில் இருக்கும் டேபுலர் பகுதிக்குப் போய் கே62.6-ஐத் திறந்து பாருங்கள். தனிப்புண், ஸ்டெர்கோரல் புண் இரண்டும் இதில் அடங்கும் என்று இருக்கும். நம் பெரியவருக்குப் பொருந்துகிறது. அதன் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பில் வெடிப்பும் பவுத்திரமும் (கே60), பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் (கே51) இருக்கும். எக்ஸ்க்ளூட்ஸ்1 என்றால் அவற்றை இந்தக் கோடோடு சேர்த்துப் போடக்கூடாது என்று அர்த்தம். ஒரே சார்ட்டில் டாக்டர் ஓரிடத்தில் 'ஃபிஷர்' (வெடிப்பு) என்றும் இன்னோரிடத்தில் 'அல்சர்' என்றும் எழுதியிருந்தால் நாமாக முடிவெடுக்கக் கூடாது, அவரிடமே விளக்கம் கேட்டு க்வெரி அனுப்ப வேண்டும். ஃபிஷர் நீளவாட்டில் கிழிந்த புண்தானே என்று நமக்குத் தோன்றலாம். தோன்றட்டும், நோயைத் தீர்மானிப்பது நம் வேலை இல்லை.

புண்ணுக்குக் காரணத்தை டாக்டர் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஹெர்பிஸ் தொற்று என்றால் ஏ60.1-க்குப் போக வேண்டும். 'அல்சராக இருக்கலாம்' என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால், வெளிநோயாளி சார்ட்டில் கே62.6 போடக்கூடாது, வலி, ரத்தக்கசிவு போன்ற அறிகுறிகளையே கோட் செய்ய வேண்டும்.

அப்புறம் மலச்சிக்கல். டாக்டர் 'நாள்பட்ட' என்று எழுதியிருப்பதால் கே59.00 இல்லை, கே59.09. ஒரு சொல்லில் கோடே மாறிவிடுகிறது.

கே62.6-க்கு மேற்கொண்டு இலக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம், அப்படியே செல்லும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பவுத்திரக் கோடான கே60.3, 2024 அக்டோபர் 1 முதல் பல உட்பிரிவுகளாகப் பிரிந்துவிட்டது. சீனியர் கொடுத்துவிட்டுப் போன பழைய புத்தகத்தைத் திறக்குமுன், அது சிகிச்சை நடந்த தேதிக்குச் செல்லுமா என்று அட்டையைப் பார்த்துவிடுங்கள்.