‘பெட்’ என்றால் பாதமா, குழந்தையா?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் பெயர்ப்பலகைகளே பாடப் புத்தகம். கார்டியாலஜி, நெஃப்ராலஜி, ஹெபடாலஜி என்று இதயமும் சிறுநீரகமும் கல்லீரலும் கிரேக்கப் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. செவிலியர் படிப்பில் சேரப்போகும் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான், முதல் நாள் வேர்ச்சொல் பட்டியல் எதையும் தருவதில்லை. இந்தச் சாலைக்குத்தான் அனுப்புகிறேன்.

காரணம், பட்டியல்தான் முதல் தவறு. நூறு வேர்களை வாய்ப்பாடு போல ஒப்பிப்பவர்கள், புதிய சொல் ஒன்றைப் பிரிக்கச் சொன்னால் திகைத்து நிற்கிறார்கள். அப்பாவின் டயாலிசிஸுக்காக நெஃப்ராலஜி வாசலில் காத்திருந்த மாணவிக்கோ அந்த ‘நெஃப்ரோ’ மறக்கவேயில்லை. அதே சிறுநீரகத்தை லத்தீன் வழியில் ‘ரீனல்’ என்பார்கள் என்பதையும் அங்கிருந்த ரிப்போர்ட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது, ஒரே எழுத்துகள் என்றால் ஒரே வேர் என்று நம்புவது. பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். பீடியாட்ரிக்ஸிலும் ஆங்கிலத்தில் அதே ‘ped’ எழுத்துகள்தான். வேர் மட்டும் வேறு, குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சரி, ஆர்த்தோபீடிக்ஸ்? எலும்பு, கால், மாவுக்கட்டு எல்லாம் நினைவுக்கு வருவதால் ‘பாதம்’ என்றே அநேகமாக எல்லாரும் சொல்கிறார்கள். அங்கேயும் குழந்தைதான். 1741-இல் நிக்கோலா ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்தும் கலைக்கு ‘நேர்’, ‘குழந்தை’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து வைத்த பெயர் அது. இன்று எண்பது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்பும் அதே பலகையின் கீழ்தான் வைத்தியம் பெறுகிறது. பிறந்த பொருளும் வழங்கும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணக் கூடாது. ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கெட்ட காற்று. நோயைப் பரப்புவதோ கொசு.

ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகுதி. ரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்கப்போகும் கைகள் இதில் தடுமாறவே கூடாது.

தமிழ் வழியில் படித்தவர்கள் தங்கள் பலத்தை மறந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ மூன்றிலும் முன்னால் நிற்பது ‘இன்’ என்ற ஒரே லத்தீன் எதிர்மறை ஒட்டுதான். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆகவில்லையா? பல், பொடி சேர்ந்து பற்பொடி ஆகவில்லையா? வருமொழிக்கேற்ப ஒலி திரிகிறது, அவ்வளவுதான். பள்ளியிலேயே புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இது புதிதே அல்ல. சத்துவாச்சாரியில் அலுவலகம் வைத்திருக்கும் கலெக்டரின் பெயரும் அப்படித்தான்: ‘காம்’ என்பது ‘ல’ முன் திரிந்து, திரட்டுதல் என்னும் வினையோடு சேர்ந்தது. அன்று அவர் வரி திரட்டியவர் அல்லவா!

ஆனால் எல்லா ‘இன்’னும் எதிர்மறை அல்ல. டேங்கர் லாரியில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருந்தால் எளிதில் தீப்பற்றும் என்று பொருள். தீப்பிடிக்காது என்று படித்துவிட்டால் ஆபத்து.

கையில் கத்தி கிடைத்ததும் எல்லாச் சொல்லையும் வெட்டத் தொடங்குவதும் உண்டு. ‘கேட்டலாக்’, ‘கேட்டஸ்ட்ராஃபி’ இரண்டிலும் ‘கேட்டா’ கிரேக்கம் என்று கற்ற மாணவர் ஒருவர் ‘கேட்டமரான்’ என்பதையும் அப்படியே பிரித்துக்கொண்டுவந்தார். அது நம் கட்டுமரம். நல்ல ஆங்கில அகராதிகளில் சொல்லின் பிறப்பிடம் ஒரு வரியில் தரப்பட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு பிரியுங்கள்.