டங்கன் ஐடஹோவைப் பிடித்துக்கொண்டு 'டூன்' படிப்பது எப்படி

வேலூரில் எனக்குத் தெரிந்து 'டூன்' என்ற அறிவியல் புனைகதை வரிசையை வாங்கிப் பாதியில் வைத்தவர்கள்தான் அதிகம். பெயர்கள் குழப்பும், நாலாவது புத்தகத்தில் ஒரேயடியாக 3500 வருடம் தாண்டிவிடும். அதனால் டங்கன் ஐடஹோ என்ற வாள்வீரனைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிராங்க் ஹெர்பர்ட் 1965 முதல் 1985 வரை எழுதிய ஆறு நாவல்களிலும் வருகிற ஒரே ஆள் அவன்தான். அவனைப் பற்றிப் பேசினால் கதை வெளியே வந்துவிடும், அது வேண்டாம் என்றால் முதல் இரண்டையும் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.

முதல் புத்தகத்தில் அவன் வருவது கொஞ்ச நேரம். கதாநாயகன் பவுலும் அவன் அம்மாவும் தப்பிக்க வாசலை மறித்து நின்று செத்துப்போகிறான். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஆயுதத்தோடு ஒரு கல் நட்டார்கள், அவன் கணக்கு அதோடு முடிந்தது. டங்கனுக்கு அந்த நிம்மதி இல்லை, பிணத்தை எடுத்துப்போய் ட்லெய்லாக்ஸு என்ற உயிரியல் வித்தைக்காரக் கூட்டம் உயிர் கொடுத்துவிடுகிறது. அப்படித் திரும்பியவனைத்தான் கதையில் 'கோலா' என்பார்கள்.

1969இல் வந்த இரண்டாவது நாவலை மட்டும் நிதானமாகப் படியுங்கள், எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. அதில் அவன் பெயர் ஹேட், கண்கள் உலோகம். கூடு விட்டுக் கூடு பாயும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது தலைகீழ்: உடம்பு அதேதான், உள்ளே இருந்தவன்தான் எங்கேயோ புதைந்து கிடக்கிறான். பாலாறு காய்ந்து கிடந்தாலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்குமே, அந்த மாதிரி. பவுலைக் கொல்லச் சொல்லி அவனுக்குள் விதைத்த கட்டளையும் பவுல் மேல் அவனுக்கிருந்த பழைய பாசமும் மோதுகிற நொடியில்தான் பழைய டங்கன் எழுந்து வருகிறான். எனக்கு இந்த வரிசையிலேயே மிகப் பிடித்த பக்கங்கள் இவை.

சரி, இங்கிருந்து ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டங்கனுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் எழுப்பினார்கள், எந்த வேலைக்கு, அவனுக்கு எதுவரை நினைவிருக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் வருவதும் அதே ஹேட்தான், அதனால் புதுப் பக்கம் வேண்டாம். பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கரைச் சீண்டி அவன் கையாலேயே சாகிறானே, ஏன் என்பதை மட்டும் குறித்துவையுங்கள்.

நாலாவது, 1981இல் வந்தது, பலருக்குச் சலிக்கும். பேச்சு அதிகம். ஆனால் பவுலின் மகனும் அத்தனை வருடமாக ஆளும் பேரரசனுமான இரண்டாம் லீட்டோ ஒரு டங்கன் போனால் அடுத்த டங்கன் என்று வரவழைத்துக்கொண்டே இருக்கிறான், வந்தவனுக்கோ 3500 வருடத்துக்கு முந்தைய உலகம்தான் நேற்று. அவன் கோபத்தை அவன் பக்கத்திலிருந்து படித்தால் புத்தகம் நகரும்.

ஐந்தாவதில் சின்னப் பையனாக வருகிறான், அவனை வளர்ப்பது பெனி ஜெஸரிட் என்ற சங்கத்துப் பெண்கள். அவனுக்கு முந்தைய டங்கன்கள் எல்லாருடைய நினைவும் சேர்ந்து வரும்போது உங்கள் நோட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்டுங்கள், அப்புறம் ஆறாவதற்குப் போங்கள். அதன் கடைசியில் கப்பல் ஏறி யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறான். ஹெர்பர்ட் 1986இல் இறந்துவிட்டார். பிற்பாடு அவர் மகன் இணைந்து எழுதிய தொடர்ச்சிகளைப் படிப்பதானால் வேறு நோட்டு போடுங்கள், இதில் கலக்காதீர்கள்.