பழைய ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் ஸ்ப்ரிங்கை மாற்றும் முன்

கோவில்பட்டியில் மோட்டார் வைண்டிங் கடையில் கற்ற தொழில்தான் எனக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சோறு போடுகிறது. 2023-இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இன்வெர்ட்டர் மாட்டியே பொழுது போனது. இப்போது கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கிறது. அது தெரிந்துதான் மச்சினன் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தெருவில் வீடு மாற்றிப் போகிறவர் காராஜைக் காலி செய்தாராம். பைக்குள் ஒரு பழைய ஏர்சாஃப்ட் துப்பாக்கி (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), 8.4 வோல்ட் பேட்டரி, துருப்பிடித்த நான்கு ஸ்க்ரூ.

"அத்தான், பவரே இல்ல. பெரிய ஸ்ப்ரிங்கும் 11.1 வோல்ட் பேட்டரியும் போட்டுட்டா சரியாயிடும்ல?"

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். பம்பில் தண்ணீர் குறைந்தால் பைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய மோட்டார் வாங்குகிற கதை இது.

இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கியோ மருயி 1991-இல் ஃபமாஸ் மாடலோடு தொடங்கி வைத்த வழி. மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றும்; கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்ப்ரிங்கை அமுக்கும்; பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாயும்; அதன் முன் சிக்கிய காற்று 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். குண்டைத் தள்ளுவது காற்று. மின்சாரத்தின் வேலை ஸ்ப்ரிங்கை இழுப்பதோடு முடிந்தது. ஆகவே குண்டு மெதுவாகப் போனால் காற்று கசிகிறது, அல்லது ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது. சுடுகிற வேகம் குறைந்தால், விசையை அழுத்திய பிறகு யோசித்து யோசித்துச் சுட்டால், மின்சாரம் வழியில் வீணாகிறது. இரண்டும் வேறு வேறு நோய்.

மருந்துக்கு முன் அளவு. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் 0.20 கிராம் குண்டு போட்டுப் பார்த்தோம்: நொடிக்கு 74 மீட்டர், ஒரு தடவை 69, அடுத்தது 77. இப்படித் தாவினாலே காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். அப்புறம் மல்டிமீட்டரில் பேட்டரி முனைக்கும் மோட்டார் முனைக்கும் வோல்ட் வித்தியாசம் பார்த்தேன். தொடர்ந்து சுடும்போது வழியிலேயே 1.9 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. எட்டு வோல்ட்டில் இரண்டு வோல்ட் ஒயருக்கே தீனி.

பிரிக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், குண்டுப்பெட்டியையும்தான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பல்சக்கரங்கள் பின்னால் சுழலாமல் ஒரு சின்னக் கொண்டி பிடித்திருக்கும். பிஸ்டன் பாதி இழுபட்ட நிலையில் நின்றிருந்தால் அந்தக் கொண்டியை விலக்கி ஸ்ப்ரிங்கைத் தளர்த்திவிட்டுத்தான் பல்சக்கரப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்கும்போது ஸ்ப்ரிங்கின் பின்பக்கத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்து, மொத்தத்தையும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறங்கள். மச்சினன் பை எதற்கு என்றான். ஒரு குட்டி ஸ்ப்ரிங்கை அரை மணி நேரம் சோபாவுக்கு அடியில் தேடிய பிறகு அவனே பை எடுத்து வந்தான்.

காற்றைப் பார்ப்போம். சிலிண்டர், அதன் தலை, காற்று வெளியேறும் மூக்கான நாசில் மூன்றையும் கையால் பொருத்தி, நாசில் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். பாதி வழியில் எதிர்த்து நிற்க வேண்டும். எங்களுடையது வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பிஸ்டன் தலையில் இருந்த ஓ-ரிங் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தது. அதே அளவில் புதுசு போட்டு, ரிங் உட்காரும் பள்ளத்தில் குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றினேன். சிலிண்டர் தலைக்கும் அப்படியே. ரப்பர் படும் இடத்தில் சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் சில வகை ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். பல்சக்கரங்களின் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். குழாயின் வாயில் குண்டுக்குப் பின்சுழல் கொடுக்கிற ஹாப்-அப் ரப்பரையும் கையோடு மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், பலன் பெரிது.

இனி என் பேட்டைக்கு வருவோம். பழைய மாடல்களில் மோட்டாருக்குப் போகும் முழு மின்னோட்டமும், 15, 20 ஆம்பியர், விசைக்குள் உரசுகிற இரண்டு செப்புத் தகடு வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து தகடு கருகும். டர்பன் கடல்காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிடும். மணல்தாளால் தேய்த்தால் நாலு மாதம் வரும். நிரந்தர வழி மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச். பெரிய மின்னோட்டத்தை அது தாங்கும். விசைத் தகடு "போ", "நில்" என்று சொன்னால் போதும்.

நான் போட்டது ஐ.ஆர்.எல்.பி. 3034 என்ற மாஸ்ஃபெட். 40 வோல்ட் தாங்கும், திறந்த நிலையில் தடை 2 மில்லி ஓமுக்கும் கீழே. அதன் மூன்று கால்கள் சோர்ஸ், டிரெய்ன், கேட். சோர்ஸ் காலை பேட்டரி நெகட்டிவில், டிரெய்ன் காலை மோட்டார் நெகட்டிவில் சால்டர் செய்யுங்கள். மோட்டார் பாசிட்டிவ் ஃப்யூஸ் வழியாக நேராக பேட்டரி பாசிட்டிவுக்கு. விசைத் தகட்டின் ஒரு முனை ஃப்யூஸுக்கு அப்புறம் உள்ள பாசிட்டிவில், மறுமுனை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக கேட் காலுக்கு; இதற்கு மெல்லிய ஒயர் போதும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு 33 கிலோ ஓம். இதை மட்டும் மறக்காதீர்கள். மறந்தால் விசையை விட்ட பிறகும் துப்பாக்கி தன்பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும். மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஷாட்கி டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது), கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில். மாஸ்ஃபெட் உடலின் உலோகத் தகடு டிரெய்னோடு சேர்ந்தது, ஆகவே முழுதும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

துப்பாக்கிக்குள் வைக்கும் முன் மேசையிலேயே சோதியுங்கள். மோட்டாருக்குப் பதில் பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர்) இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 21 வாட், ஒன்றைக் கட்டினேன். விசையைத் தொட்டால் எரிய வேண்டும், விட்டால் சட்டென அணைய வேண்டும். மெல்ல மங்கினால் அந்த 33 கிலோ ஓமைப் பாருங்கள்.

பெரிய ஒயர்களை 16 கேஜ் சிலிகான் ஒயராக மாற்றி, வெள்ளை டமியா பிளக்கை வெட்டிவிட்டு எக்ஸ்.டி. 30 என்ற பிளக் போட்டேன். இப்போது வழியில் போகிற இழப்பு 0.2 வோல்ட்.

பேட்டரி விஷயத்தில் மச்சினனோடு ஒரு மணி நேர வாக்குவாதம். அவனுக்கு 11.1 தான் வேண்டும். பழைய பிளாஸ்டிக் பிஸ்டனின் பற்கள் அந்த வேகத்தில் சீப்பு மாதிரி உதிரும் என்று சொல்லி 7.4 வோல்ட் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) நிறுத்தினேன். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். 1300 மில்லி ஆம்பியர்-மணி, 20 சி (கொள்ளளவைப் போல் 20 மடங்கு மின்னோட்டம்) என்றால் 26 ஆம்பியர் வரை கொடுக்கும், நமக்குப் போதும். பழைய நிக்கல் பேட்டரி போல இதை உறிஞ்சித் தீர்க்க முடியாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டது, அதனால் 3.5-இல் கத்துகிற சின்ன அலாரம் ஒன்றை ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டும் பேலன்ஸ் பிளக்கில் மாட்டிவிடுங்கள். செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்கிற பேலன்ஸ் சார்ஜர் மட்டும்தான், பழைய சார்ஜரைக் குப்பையில் போடுங்கள். கரன்ட் போய் வருகிற நாளில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிய லைப்போவைப் பார்த்தால் இரக்கம் வேண்டாம், மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் மூடிய பிறகு கைப்பிடியின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கீச்சென்று கத்தினாலும் அரைபடும் சத்தம் வந்தாலும் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. இதற்குக் காதுதான் கருவி.

மறுபடி வேகமானி: 96, 95, 96. ஸ்ப்ரிங் பழசேதான். 0.20 கிராம் குண்டுக்கு அது சுமார் 0.92 ஜூல். நொடிக்கு 100 மீட்டர் போனால் சரியாக 1 ஜூல், 120 போனால் 1.44. மைதானங்களில் கிட்டத்தில் சுட எல்லை வைத்திருப்பார்கள். விளையாடப் போகும் இடத்தில் முதலில் கேட்டுக்கொண்டு அப்புறம் ஸ்ப்ரிங் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 120, ஏர்கன்னையோ, துப்பாக்கி என்று நம்ப வைக்கிற எதையுமோ தக்க காரணமில்லாமல் ஒருவர் மேல் நீட்டுவதைக் குற்றம் என்கிறது. பொம்மைதானே என்று வாசலில் நின்று காட்டாதீர்கள். மச்சினன் இப்போது அதை மூடிய பையில் போட்டு, பேட்டரியைத் தனியே எடுத்து, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டுத்தான் பக்கியில் ஏற்றுகிறான். அந்தப் பெரிய ஸ்ப்ரிங் இன்னும் பிரிக்காத கவரோடு என் மேசை டிராயரில் கிடக்கிறது.