ரவுட்டர் அடாப்டர் போய்விட்டதா? மாற்று வாங்கும் முன்

முதலில் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பழைய அடாப்டர் கையில் இருந்தால் அதில் ‘அவுட்புட்’ வரியை மட்டும் பாருங்கள். பலர் ‘இன்புட்’ வரியில் இருக்கும் 0.5 ஆம்பியரைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 9 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே பாகங்கள் கருகலாம். ஆம்பியர் அப்படியில்லை. 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம். கருவி தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும். குறைந்தால்தான் வம்பு: அடாப்டர் கொதிக்கும், வைஃபை அடிக்கடி அறுந்து ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

அடுத்து முனை. நடுவில் புள்ளி, சுற்றி அரைவட்டம் போட்ட குறியில் புள்ளிப் பக்கம் + இருந்தால் நடுமுனை பாசிட்டிவ். ரவுட்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நேர்மாறு, அதனால் வீட்டில் கிடக்கும் எதையாவது எடுத்துச் செருகாதீர்கள்.

பின்னின் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்றாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு உண்டு. 2.1 சாக்கெட்டில் 2.5 பின் நுழைந்துவிடும், ஆனால் லூசாக ஆடி இணைப்பு விட்டுவிட்டு வரும். கடைக்குப் பழைய பின்னையே கொண்டுபோவது நல்லது.

பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரைத் தவிர்க்கவும். 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் கருவி எதுவும் இணைக்காதபோது மல்டிமீட்டரில் (மின்சாரம் அளக்கும் கருவி) 12க்கு மேல்கூடக் காட்டும். ‘ஏசி அவுட்புட்’ என்று இருந்தால் தொடவே வேண்டாம்.